பவளம் செய்த ஸ்விட்ச்

பவளக்காவும் நானும் ஓசூர் சிப்காட்டில் ஒரே மேஜையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தோம். எங்கள் கம்பெனி செய்வது ரேடியோ மாட்யூல். பாதித் தீப்பெட்டி அளவுதான் இருக்கும். தெருவிளக்குக் கம்பத்திலும் தண்ணீர் மீட்டரிலும் உள்ளே வைப்பார்கள். ஒயர் இல்லாமல் ஒன்று அனுப்புவதை இன்னொன்று வாங்கிக்கொள்ளும், திருப்பியும் அனுப்பும். லைனிலிருந்து வருகிற மாட்யூலைச் சோதித்துப் பச்சை ஸ்டிக்கரோ சிவப்பு ஸ்டிக்கரோ ஒட்டுவது எங்கள் வேலை. அக்கா சிவப்பு ஒட்டியதை யாரும் திரும்பச் சோதிக்க மாட்டார்கள். அந்தக் கைக்கு அப்படி ஒரு பெயர்.

அவர் மானாமதுரைப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்த கையோடு, பத்தொன்பது வயதில், இன்னும் முப்பது பெண்களோடு ஒரே பஸ்ஸில் ஓசூருக்கு வந்து இறங்கியவர். வந்த புதிதில் கடைக்காரர் தெலுங்கில் கேட்பாராம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி கன்னடத்தில் கேட்பாளாம், இவர் இரண்டு பேருக்கும் தன் ஊர்த் தமிழிலேயே பதில் சொல்வாராம். நான் ஓசூருக்குப் பக்கத்தில் பேரிகைக்காரி, வீட்டில் தெலுங்கு. என்னிடம் தெலுங்கு கற்றுக்கொண்டு, அதை என்னிடம் மட்டும்தான் பேசுவார். வெளியே பேச வெட்கம்.

அவர் வீட்டுக்காரர் சௌந்தரராஜன் அண்ணன். வேறொரு கம்பெனியில் டூல் ரூம் ஃபிட்டர். அவரும் தெற்கத்திக்காரர். மத்திகிரிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பிடப் போன இடத்தில் பழக்கமாகிக் கல்யாணம் செய்துகொண்டார்கள். அண்ணன் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். கல்யாண வீட்டில் அவர் உட்கார்ந்த வரிசையில் பந்தி முடிய நேரமாகும். ஒரே மகள், ஜெயப்ரியா. சேலத்தில் விடுதியில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள்.

அண்ணனுக்கு முதலில் சட்டைப் பட்டன் போட வரவில்லை. பிறகு அரம் கையிலிருந்து நழுவியது. இரண்டு தடவை நழுவிய பிறகுதான் அவர் வீட்டில் சொன்னார். பெங்களூரில் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி ஊசியாகக் குத்திப் பார்த்துவிட்டு, நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிற நோய் என்றார்கள். கை போகும், கால் போகும், பேச்சு போகும். கடைசியில் மூச்சு விடுகிற தசையும் போகும். புத்தி மட்டும் தெளிவாகவே இருக்கும். டாக்டர் அதை ஒரு நல்ல செய்தி மாதிரி கடைசியில் சொன்னார் என்று அக்கா என்னிடம் சொன்னார்.

ஒரு வருஷத்தில் அண்ணன் நாற்காலியோடு ஆகிவிட்டார். அவர் வேலை போய்விட்டது. அக்கா வேலையில் இருந்தால்தான் ஈ.எஸ்.ஐ. வைத்தியம் உண்டு. துணைக்கு ஒரு ஆளை வைத்தார்கள். மூன்று மாதத்தில் நின்றுவிட்டான். லீவில் வந்த ஜெயப்ரியா படிப்பை நிறுத்திவிட்டு வீட்டோடு இருக்கிறேன் என்றாள். அண்ணன் அன்று முழுவதும் சாப்பிட மறுத்தார். அவள் திரும்பிப் போன பிறகுதான் வாயைத் திறந்தார். பக்கத்து வீட்டுச் செல்வம்மாள் ரோஜாத் தோட்டத்தில் பூக்கட்டு போடப் போகிறவர், மதியம் ஒரு மணிக்குத்தான் திரும்புவார். வந்ததும் அண்ணனை எட்டிப் பார்ப்பார். அக்கா ஏழரைக்குக் கிளம்பினால் அதுவரை அண்ணன் தனியாகத்தான் இருக்க வேண்டும்.

எங்கள் சோதனைக் கூடத்துக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. மாட்யூல் சோதனையைக் குழப்பிவிடும். காலையில் லாக்கரில் வைத்துப் பூட்டினால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எடுக்கலாம். ஒருநாள் அண்ணன் எட்டரை மணிக்கு நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் விழுந்துவிட்டார். செல்வம்மாள் வந்து பார்க்கும்வரை, நாலரை மணி நேரம், கன்னம் தரையில் பட அப்படியே கிடந்திருக்கிறார். செல்போன் அவர் கண்ணுக்கு எதிரிலேயே மேஜையில் இருந்தது. அதை எட்டி எடுத்து அழுத்துகிற பலம் அவர் கையில் இல்லாமல் போயிருந்தது.

மறுநாள் அக்கா மேனேஜர் குருமூர்த்தி சாரிடம் போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

"சார், ரெண்டு டெவலப்மென்ட் போர்டு வேணும்."

"எதுக்கும்மா?"

"ஒண்ணு வீட்ல, ஒண்ணு எம் மேஜையில. அவுக ஸ்விட்ச அமுக்குனா எனக்கு இங்க விளக்கு எரியணும்."

குருமூர்த்தி சார் கிருஷ்ணகிரிக்காரர். சட்டென்று எதற்கும் சரி என்று சொல்கிறவர் இல்லை. பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினார்.

"உங்க வீடு எவ்ளோ தூரம்?"

"நேர் கோட்டுல ரெண்டு கிலோமீட்டர் இருக்கும் சார்."

"நம்ம மாட்யூல் மூணு கிலோமீட்டர் போகும்னு விக்கிறோம். ஊருக்குள்ள, கட்டடத்துக்கு நடுவுல, மாசக் கணக்கா ஓட்டி யாரும் பார்க்கல. ஃபீல்ட் டெஸ்ட்டுனு போட்டுக்கறேன். ரெக்கார்ட் மட்டும் ஒழுங்கா வெக்கணும்."

டெவலப்மென்ட் போர்டு என்பது உள்ளங்கை அகலப் பச்சைத் தகடு. நடுவில் மாட்யூலைச் செருக ஒரு இடம், கம்ப்யூட்டரோடு இணைக்க ஒரு யூ.எஸ்.பி. வாய், ஆன்டெனா திருக ஒரு மரை, நாலைந்து பொடி விளக்குகள். இன்ஜினீயர்கள் புதிதாக ஏதாவது செய்து பார்க்க வைத்திருப்பது. எங்கள் மேஜைக்கு எல்லாம் தயாராகி வரும், நாங்கள் பொத்தானை அழுத்துவோம், அவ்வளவுதான். அதை ஆரம்பத்திலிருந்து அமைப்பது அக்காவுக்குப் புதிது. இன்ஜினீயரிடம் கேட்கலாம் என்றேன். "நாளைக்கி ஏதாச்சும் கோளாறுன்னா நாந்தான் பாக்கணும். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நானும் போனேன். அண்ணன் நாற்காலியில் இருந்தார். பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. எனக்குப் பாதி புரியாது. அக்காவுக்கு எல்லாம் புரியும். ஜெயப்ரியாவின் லேப்டாப்பைத் திறந்து வைத்தோம். அக்கா முதல் வேலையாக ஆன்டெனாவைத் திருகினார். ஆன்டெனா இல்லாமல் மின்சாரம் கொடுத்து அனுப்பச் சொன்னால், அனுப்ப வழியில்லாமல் மாட்யூல் தன்னைத் தானே பொசுக்கிக்கொள்ளும். அது எங்களுக்குத் தெரிந்ததுதான்.

போர்டில் விளக்கு எரிந்தது. லேப்டாப் மட்டும் அப்படி ஒரு பொருளே இல்லை என்றது. ஒரு மணி நேரம் எதையெதையோ ஏற்றி, எடுத்து, திரும்ப ஏற்றினோம். கடைசியில் பார்த்தால் கேபிள்தான். அது செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற மட்டும் ஆகும் கேபிள், தகவல் போக உள்ளே கம்பியே கிடையாது. வேறு கேபிள் போட்டதும் உடனே வந்துவிட்டது. இரண்டாவது போர்டும் வந்தது. ஆனால் ஒன்று அனுப்புவதை இன்னொன்று வாங்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம், எழுதியதை எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தோம். சாயங்காலம்வரை பேசவில்லை. அடுத்த வாரம் முழுக்க அக்கா சாயங்காலங்களில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசவில்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் ஏதோ சொன்னார். அக்கா குனிந்து கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே செட்டான்னு கேக்காக."

ஃபிட்டர் புத்தி. இரண்டு பாகம் பொருந்தவில்லை என்றால் முதலில் ஒரே செட்டில் வந்ததா என்று பார்ப்பார்கள். மாட்யூலைக் கழற்றித் திருப்பி முதுகில் இருந்த பொடி எழுத்தைப் படித்தோம். ஒன்று நம் நாட்டுக்கு. இன்னொன்று ஐரோப்பாவுக்கு அனுப்பச் செய்தது, அலைவரிசை வேறு. ஒன்று சேலம் ஸ்டேஷனிலும் இன்னொன்று தர்மபுரி ஸ்டேஷனிலும் நின்றுகொண்டு ஒன்றையொன்று தேடிக்கொண்டிருந்திருக்கின்றன. அலைவரிசையை மாற்றிப் போட்டதும் எதிர் போர்டில் பச்சை விளக்கு ஒரு தடவை மின்னியது. அண்ணன் சத்தமாகச் சிரித்தார். அந்த நோயில் சிரிப்பு வந்தால் அடக்க வராது. அக்காவும் சிரித்து, இரண்டு பேரும் நிறுத்த முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

ஸ்விட்சுக்கு நெம்புகோல் அண்ணனின் யோசனை. சின்ன அலுமினியத் துண்டு, நுனியில் ரப்பர், தொட்டாலே இறங்க வேண்டும். அக்கா அரத்தைப் பிடித்து ராவ, அவர் நாற்காலியிலிருந்து குழறிக் குழறித் திட்டினார். அக்கா "இந்தா, நீங்களே வந்து ராவுங்க" என்று பதிலுக்குத் திட்டினார். அவர்களைப் பார்த்தால் நோய் இருக்கிற வீடு மாதிரியே இல்லை.

மாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு சேர்த்து ஒரு ஆன்டெனா கட்டினோம். கம்பெனிக் கூரையிலும் ஒன்று வைத்தோம். ஒரு தடவை அழுத்தினால் மதியம் வந்தால் போதும். இரண்டு தடவை என்றால் உடனே வா. மூன்று தடவை என்றால் சும்மா. அக்கா இங்கே பொத்தானை அழுத்தினால் அங்கே கட்டிலோரம் பச்சை விளக்கு எரியும், பார்த்துவிட்டேன் என்று அர்த்தம். அது போக, நிமிஷத்துக்கு ஒரு முறை வீட்டு போர்டு தானாகவே இருக்கிறேன் என்று ஒரு செய்தி அனுப்பும். எல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் நேரத்தோடு பதிவாகும்.

பதினோரு மாதம் அது ஓடியது. பதினேழு தடவை இரண்டு அழுத்தல் வந்தது. எச்சில் தொண்டையில் சிக்கும், கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். எங்களை உடனே வெளியே விடும்படி குருமூர்த்தி சார் கேட்டில் சொல்லி வைத்திருந்தார். என் ஸ்கூட்டியில் அக்காவை ஏற்றிக்கொண்டு ஏழு நிமிஷத்தில் போய்விடுவேன். அக்கா சளி உறிஞ்சும் மெஷினை எடுத்துத் தொண்டையைச் சுத்தம் செய்வார். அண்ணன் முகத்தில் நீலம் மாறிச் சிவப்பு வரும்.

மூன்று அழுத்தல் தினமும் வரும், பெரும்பாலும் பத்து மணி டீ நேரத்தில்.

"என்னக்கா, அண்ணன் என்ன சொல்றாரு?"

"ஒண்ணுமில்ல, பேச்சுத் துணைக்கு."

ஸ்விட்ச் இடம் மாறிக்கொண்டே இருந்தது. முதலில் வலது ஆள்காட்டி விரலுக்கு அடியில். இரண்டு மாதத்தில் இடது கையின் ஓரத்துக்கு வந்தது. பிறகு இடது காலின் பெருவிரலுக்கு. அந்த விரல் மட்டும் கடைசிவரை வேலை செய்தது. பேச்சு முழுக்கப் போய்விட்டது. அட்டையில் எழுத்துகளை எழுதி வைத்து, அக்கா ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்ட, அண்ணன் கண் சிமிட்டுவார்.

அடுத்து நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. பெரிய வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து ஆறு பேர் வரப்போகிறார்கள் என்று சொன்னார்கள். என்னத்தைக் காட்டுவது என்று குருமூர்த்தி சார் யோசித்தபோது, "பவளக்கா போர்டக் காட்டலாம் சார், பதினோரு மாசமா நிக்காம ஓடுது" என்றேன். அக்காவுக்கு ஒரு பெயர் கிடைக்கட்டும் என்றுதான் சொன்னேன்.

முந்தின நாள் சாயங்காலம் அக்கா அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அண்ணன் அட்டையில் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னது இது: நாளைக்குத் தொந்தரவு பண்ண மாட்டேன். நீ நல்லா பேசு.

அக்கா சிரித்துவிட்டு, "பதினோரு மணிக்கு மட்டும் மூணு தடவ அமுக்குங்க. இல்லன்னா எம் மானம் போயிரும்" என்றாராம். அண்ணன் கண் சிமிட்டினார்.

மறுநாள் அக்கா நல்ல நீலப் புடவை கட்டி, மேலே கம்பெனிக் கோட்டு போட்டு வந்தார். பதினோரு மணிக்கு ஆறு பேரும் எங்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். பதினொன்று இரண்டுக்குப் பச்சை விளக்கு மூன்று தடவை மின்னியது. அக்கா பதில் பொத்தானை அழுத்தினார். வந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருவர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க, அக்கா தமிழில் பதில் சொல்ல, குருமூர்த்தி சார் மொழிபெயர்த்தார். பன்னிரண்டரை வரைக்கும் அவரை விடவில்லை. நடுநடுவே அக்கா திரையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். நிமிஷத்துக்கு ஒரு முறை செய்தி தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஒன்று பத்துக்குக் கேட்டுக்கு வந்த போனை எங்கள் மேஜைக்குக் கொடுத்தார்கள். செல்வம்மாள் பேசினார். என்னிடம் தெலுங்கில் சொன்னார். அதை நான் அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தே அவர் எழுந்துவிட்டார்.

கட்டிலில் அண்ணன் தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. முகத்தில் போராடிய அடையாளம் எதுவும் இல்லை. பெருவிரல் ரப்பர் நுனியின் மேல்தான் இருந்தது. வந்த டாக்டர், உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும் என்றார்.

மானாமதுரைக்குக் கொண்டுபோனார்கள். நானும் குருமூர்த்தி சாரும் போனோம். ஜெயப்ரியா சேலத்திலிருந்து நேராக அங்கே வந்தாள். அழுது முடித்த பிறகு, எல்லோரும் இருக்கும்போதே, அம்மாவிடம் ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

"வேலைய விட்ருக்கலாம்லம்மா."

காரியம் முடிந்து அவள் சேலத்துக்குப் பஸ் ஏறினாள். அதன் பிறகு இரண்டு பேருக்கும் நடுவே தேவைக்குப் பேசுவது மட்டும்தான் இருந்தது.

பதினாறு முடிந்து வேலைக்கு வந்த அன்று அக்கா முதலில் கேட்டது அந்த நாளின் பதிவை. பதினொன்று இரண்டுக்கு மூன்று அழுத்தல். அதற்கப்புறம் எந்த அழுத்தலும் இல்லை. நிமிஷச் செய்தி ஒன்றுகூட விடுபடவில்லை. அக்கா விரலை வைத்து வரி வரியாக ஒரு மணிவரை படித்தார்.

"போர்டு இருக்கேன்னு சொல்லிக்கிட்டே இருந்துருக்கு, அருணா. அவுக இருக்காகன்னு அது சொல்லல. நாந்தான் அப்புடிப் படிச்சுக்கிட்டேன்."

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்ததும், "ஒரு மணி நேரம் மேஜையில இரு. நான் வீட்லருந்து அமுக்குறேன். வர்றத எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார். கூடத்தில் நான் மட்டும் இருந்தேன். இரண்டு இருபதுக்கு முதல் அழுத்தல் வந்தது. அவர் அண்ணன் கட்டிலில் அண்ணன் படுத்த மாதிரியே படுத்து, இடது பெருவிரலை ரப்பர் மேல் வைத்திருந்தார் என்று பிறகு சொன்னார். போர்வை போர்த்தி அழுத்தினார். கால் சரிந்துபோன மாதிரி வைத்து அழுத்தினார். விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் அழுத்தினார். இருநூற்றுப் பதினான்கு அழுத்தல்கள். ஒவ்வொன்றுக்கும் நான் பதில் பொத்தானை அழுத்தினேன், அங்கே அவருக்கு விளக்கு எரிய வேண்டுமே. நான் எழுதியதும் அவர் எண்ணியதும் சரியாக இருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை.

திங்கட்கிழமை ஸ்விட்சைக் கழற்றிக் கொண்டுவந்து பெரிய கண்ணாடியின் அடியில் வைத்துத் தன் சால்டரிங்கைப் பார்த்தார். வெடிப்பு இல்லை, தளர்வு இல்லை. எல்லா இடமும் அவர் கைவேலை போலவே வழவழவென்று இருந்தது.

"ஒரு எடமாவது விட்டுருக்கணும்" என்றார். "எந் தப்பா இருந்துட்டா நல்லது. நான் சரியாச் செய்யலன்னு இருந்துட்டுப் போறேன். அவுகளுக்கு முடிஞ்சு, அமுக்காம இருந்தாகன்னா நான் என்ன பண்ண?"

வந்தவர்களுக்குப் போர்டைக் காட்டலாம் என்று சாரிடம் யோசனை சொன்னது நான்தான் என்று அன்றைக்குத்தான் அக்காவிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. "நீ நல்லதுக்குச் சொன்ன" என்றார். என் கையைப் பிடிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அடுத்த மாட்யூலை எடுத்துச் செருகினார்.

குருமூர்த்தி சார் அறிக்கை எழுதினார். இரண்டு கிலோமீட்டர், பதினோரு மாதம், நூறில் ஒரு செய்திகூட விடுபடவில்லை என்று. அந்த அறிக்கையால் ஆர்டர் வந்தது. ஆனால் அக்கா பெயரை அதில் போட அவர் கேட்டபோது அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

நாலைந்து மாதம் கழித்து கேட் செக்யூரிட்டி வெங்கடசாமி வந்து நின்றார். கெலவரப்பள்ளிக்காரர், இப்போது கம்பெனிக்குப் பின்னால் லைன் வீட்டில் குடியிருக்கிறார். மனைவி ரங்கம்மாவுக்குப் பக்கவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது. "எங்க வூட்டுக்கும் அது ஒண்ணு வெச்சுத் தாம்மா" என்றார்.

"என்னால முடியாதுண்ணே" என்று சொல்லி அக்கா எழுந்து போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அக்காவே கேட்டுக்குப் போனார். போர்டுகள் எங்கே என்று என்னைக் கேட்டு எடுத்துப் போனார். இந்தத் தடவை வேறு மாதிரி அமைத்தார். ரங்கம்மா அரை மணிக்கு ஒரு முறை, ஒன்றும் இல்லாவிட்டாலும், ஸ்விட்சை அழுத்த வேண்டும். அழுத்தாமல் விட்டால் கேட்டில் மணி அடிக்கும்.

"கூப்பிட்டாத்தான் வருவோம்னு வைக்கக் கூடாது" என்றார் என்னிடம். "கூப்புடலன்னாத்தான் ஓடணும்."

பிறகு, ஏதோ ஒரு மாட்யூலின் முதுகைப் படித்துக்கொண்டே, தலை தூக்காமல் சொன்னார்: "அவுகளுக்கும் அப்புடித்தான் வைக்கணும்னு இருந்தேன் அருணா. அப்ப கொஞ்சம் பேச்சு இருந்துச்சு. ஜெயில்ல ஆஜர் குடுக்குற மாதிரி அரை மணிக்கு ஒருக்க நான் அமுக்கணுமாக்கும்னாக. கோவிச்சுக்கிட்டாக. நானும் சரி, இதுலயாவது அவுக இஷ்டம் நடக்கட்டும்னு விட்டுட்டேன்."

ரங்கம்மாவும் முதலில் முணுமுணுத்தார். தூங்கிப்போய் அழுத்தாமல் விட்டு, வெங்கடசாமி இரண்டு தடவை வீணாக ஓடினார். அக்கா அவர் வீட்டுக்குப் போய் ரங்கம்மாவின் பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். என்ன பேசினார் என்று தெரியாது. அதற்குப் பிறகு அழுத்தல் தவறவில்லை.

ஜெயப்ரியா படிப்பை முடித்து கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் ஆறு மாதம் வீட்டுக்கு வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டிருந்தார்கள். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் வந்தாள். அக்கா தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். அவள் அடுப்படி வாசலில் நின்றுகொண்டே பேசினாளாம்.

"அம்மா, அப்பா மாதிரியே ஒருத்தரு எங்க வார்டுல இருந்தாரு. நாந்தான் பாத்துக்கிட்டேன். அந்த நோயில மூச்சு விடுற தசை தளந்துரும்மா. கெட்ட காத்து வெளிய போகாம உள்ளயே தங்கிரும். தங்கத் தங்கத் தூக்கமா வரும். வலிக்காது, திணறாது. அப்பா தூங்கிட்டிருந்துருப்பாரு. உன்னக் கூப்புடணும்னே அவருக்குத் தோணியிருக்காது."

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டார். அது கருகிப் போயிருந்தது.

"அன்னிக்கு நான் அப்புடிச் சொல்லிருக்கக் கூடாது" என்றாள் ஜெயப்ரியா.

இதையெல்லாம் அக்கா மறுநாள் டீ நேரத்தில் எனக்குச் சொன்னார்.

"அத நர்ஸாச் சொல்றியா, மகளாச் சொல்றியான்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கல. அவ எம்புட்டு தூரம் யோசிச்சு அதச் சொல்ல வந்துருக்கா. இன்னொரு தோச ஊத்திக் குடுத்தேன். சாப்புட்டா."

அடுத்த ஞாயிறும் ஜெயப்ரியா வந்தாள். வெங்கடசாமி ஒரு ஆட்டோவோடு வந்தார். மூன்று பேருமாகச் சேர்ந்து, அண்ணன் படுத்திருந்த, தலைப்பக்கம் உயர்த்துகிற கட்டிலின் திருகுகளைக் கழற்றி, படியில் இறக்கி, ரங்கம்மாவுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். தண்ணீர்த் தொட்டிக் குழாயில் கட்டிய ஆன்டெனாவை அக்கா இன்னும் இறக்கவில்லை.